ஜனவரி 30-க்கு முன்னால் நாம் செய்ய வேண்டியது

(அமெரிக்காவில் வாழும் தோழர்களுக்காக 2025 நவம்பர் இறுதியில் நடந்த இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கலந்துகொள்ள முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். படியுங்கள், பகிருங்கள்.)



43 நாள்! அக்டோபர் 1-ஆம் தேதி முடங்கிய அமெரிக்க அரசு, நவம்பர் 12 இரவுதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அதுவரைக்கும் அந்த நாட்டு வரலாற்றில் இவ்வளவு நீளமான முடக்கம் வந்ததில்லை. 2018 டிசம்பரில் தொடங்கி 2019 ஜனவரி வரை இழுத்த 35 நாள் முடக்கம்தான் அதற்கு முந்தைய சாதனை. சாதனைன்னு சொல்லவே கூச்சமா இருக்கு.

சரி, திறந்துட்டாங்க, பிரச்சினை முடிஞ்சுதுன்னு உங்களில் பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. முடியலை தோழர்களே. நவம்பர் 12-ல் கையெழுத்தான சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். விவசாயத் துறைக்கு ஆண்டு முழுமைக்கும் பணம் இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினர் நலத்துக்கும் ராணுவக் கட்டுமானத்துக்கும் இருக்கிறது. மூன்றாவதாக ஆண்டு முழுமைக்கும் பணம் ஒதுக்கப்பட்டது எதற்குத் தெரியுமா? காங்கிரசுக்கே! (நம்ம ஊர் காங்கிரஸ் இல்லை, அவங்க நாடாளுமன்றம்.) தங்கள் அலுவலகச் செலவுக்கு வருஷம் பூரா எடுத்து வைத்துக்கொண்டார்கள். விமான நிலையத்தில் உங்கள் பையைச் சோதிக்கிற டி.எஸ்.ஏ. ஊழியருக்கு? ஜனவரி 30 வரைக்கும்தான்.

அதனால்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மறுபடியும் பூட்டினால் நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதை இப்போதே பேசி வைப்போம்.

முதலில், இது ஏன் நடக்கிறது? இந்தியாவில் இப்படி நடப்பதில்லை. பட்ஜெட் நிறைவேறத் தாமதமானால் அரசியல் சட்டத்தின் 116-வது பிரிவுப்படி இடைக்காலச் செலவுக்கு மக்களவை அனுமதி கொடுத்துவிடும். பட்ஜெட்டே தோற்றால் அரசு கவிழும், ஆபீஸ் பூட்டாது. அமெரிக்காவில் 1884-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. காங்கிரஸ் ஒதுக்காத பணத்தை எந்தத் துறையும் செலவழிக்கக் கூடாது என்கிற சட்டம். அப்படி இருந்தும் ஏறத்தாழ நூறு வருஷம் யாரும் இதற்காக அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகவில்லை. பணம் தாமதமாகும், வேலை நடக்கும், பிறகு கணக்கு நேராகும். 1980-ல் பெஞ்சமின் சிவிலெட்டி என்கிற அட்டர்னி ஜெனரல் அந்தச் சட்டத்துக்குக் கறாராக ஒரு விளக்கம் எழுதினார். பணம் இல்லையா, மூடு. அடுத்த வருஷம் இன்னொரு விளக்கம்: உயிரையும் உடைமையையும் காக்கிற வேலை மட்டும் தொடரலாம்.

அவ்வளவுதான். புயல், வெள்ளம் மாதிரி வருகிற விஷயம் இல்லை இது. மனிதர்கள் எழுதினது, மனிதர்கள் திருத்தலாம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது விளக்கத்தால் யாருக்கு என்ன ஆகிறது? ஊழியர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதியை வீட்டுக்குப் போ, சம்பளம் கிடையாது என்கிறார்கள். நாளொன்றுக்கு 7,50,000 பேர் வரை இப்படிக் கட்டாய விடுப்பில் இருப்பார்கள் என்று காங்கிரசின் பட்ஜெட் அலுவலகமே முன்கூட்டிக் கணக்குப் போட்டது. இன்னொரு பகுதிக்கு, நீ அத்தியாவசியம், வேலைக்கு வா, சம்பளம் கிடையாது! விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர், டி.எஸ்.ஏ. ஊழியர்கள் சுமார் 50,000 பேர் இந்த இரண்டாவது வகை. வேலை அத்தியாவசியமாம், அதைச் செய்கிறவனின் வீட்டு அரிசி அத்தியாவசியம் இல்லையாம்.

வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மாநில அரசிடம் விண்ணப்பிக்கலாம், நிலுவைச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளமில்லாமல் முழு நேரம் வேலை பார்க்கிறவருக்குப் பொதுவாக அதுவும் கிடையாது, ஏனென்றால் அவருக்குத்தான் 'வேலை' இருக்கிறதே!

சிலர் கேட்பீர்கள்: எப்படியும் பிறகு சம்பளம் வந்துவிடுகிறதே? 2019-ல் போட்ட சட்டப்படி நிலுவைச் சம்பளம் உறுதி என்பது உண்மை. ஆனால் இந்த அக்டோபரில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் அதிலேயே கை வைத்துப் பார்த்தது, கட்டாய விடுப்பில் இருப்பவர்களுக்கு அது தானாக வந்துவிடாது என்று ஒரு புது வாதம் கிளப்பியது. போதாததற்கு, முடக்கத்தைச் சாக்காக வைத்து ஆட்குறைப்பு நோட்டீசும் கொடுத்தார்கள். சங்கங்கள் வழக்குப் போட்டு, சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் நீதிபதி சூசன் இல்ஸ்டன் அதைத் தடுத்து நிறுத்தினார். கடைசியில் நவம்பர் 12 சட்டத்தில் நிலுவைச் சம்பளமும், ஆட்குறைப்பை ரத்து செய்வதும் எழுதி வாங்கப்பட்டது. தானாக வந்தது எதுவும் இல்லை.

சம்பளம் பின்னால் வரும் என்பதால் வீட்டு வாடகை பின்னால் வருமா? 2018 டிசம்பரில் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம் ஊழியர்களுக்கு ஒரு மாதிரிக் கடிதம் வெளியிட்டது. வீட்டுக்காரருக்கு எழுத வேண்டிய கடிதம். வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், பதிலுக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறேன், தச்சு வேலை செய்து தருகிறேன் என்று கேட்கலாமாம். ஓர் அரசு தன் ஊழியரிடம் இதைச் சொல்கிறது! அப்போது வணிகத் துறை அமைச்சராக இருந்த கோடீஸ்வரர் வில்பர் ராஸ், இவர்கள் ஏன் உணவு வங்கிக்குப் போகிறார்கள், கடன் வாங்கிக்கொள்ளலாமே, எனக்குப் புரியவில்லை என்கிற மாதிரிப் பேசினார். அவருக்குப் புரியாதுதான்.

இந்த வருஷம் இன்னொன்றும் பார்த்தோம். ராணுவத்தினருக்கு அக்டோபர் 15 சம்பளம் கொடுக்க வேறு கணக்கிலிருந்து பணத்தைத் திருப்பினார்கள். ராணுவ வீரர் குடும்பத்துக்குச் சம்பளம் போனது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மனசு இருந்தால் வழி கிடைக்கிறது என்று தெரிந்துபோனதா இல்லையா? உணவு மானியமான ஸ்னாப்பை நம்பி இருக்கிற சுமார் 4 கோடியே 20 லட்சம் பேருக்கு நவம்பர் முதல் தேதி பணம் போகவில்லை. அதற்கு மட்டும் வழக்கு, மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று அலைய விட்டார்கள்.

யார் மேல் தப்பு என்று கேட்பீர்கள். இந்தச் சண்டை மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்பதில் தொடங்கியது. என்னைக் கேட்டால் அந்த மானியம் நியாயமான கோரிக்கை, நம் கட்சியின் நிலைப்பாடும் மக்களுக்கு மருத்துவம் உரிமை என்பதுதான். அதனாலேயே ஒரு பக்கத்துக்குக் கைதட்டிவிட்டு மறுபக்கம் பட்டினி கிடக்கிற ஊழியரைப் பார்க்காமல் இருக்க முடியாது. எந்தக் கட்சி பூட்டினாலும் பணயம் வைக்கப்படுவது அதே ஆள்தான். 1995-ல் கிளின்டனும் கிங்ரிச்சும் மோதிக்கொண்டபோதும் அவர்தான், 2013-ல் 16 நாள் பூட்டியபோதும் அவர்தான்.

இங்கே நம்ம ஆட்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது. கவர்ன்மென்ட் வேலைன்னாலே ஏசி ரூம்ல உக்காந்து சம்பளம் வாங்குறவங்கதானே, கொஞ்ச நாள் கஷ்டப்பட்டா என்ன? ஊரிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த பேச்சு இது! 2003 ஜூலையை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஒரே அடியில் டிஸ்மிஸ் செய்தார்கள். ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. அன்றைக்கும் தெருவில் பாதிப் பேர், நல்லா வேணும் என்றார்கள். அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று அவர்களின் பிள்ளைகளைக் கேளுங்கள். உங்களிலேயே சில பேர் அந்தப் பிள்ளைகள்தான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஃபெடரல் ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம். 1981 ஆகஸ்டில் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்து, திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த அடியின் பயம் இன்னும் இருக்கிறது. ஆக, சம்பளம் கொடுக்காவிட்டாலும் வேலை செய்தே ஆக வேண்டும், நிறுத்துகிறேன் என்று சொன்னால் வேலை போகும். இப்படிக் கட்டிப்போடப்பட்ட ஆளிடம், நீ போராடு என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர் பேச முடியாத இடத்தில் பேச வேண்டியது வெளியே இருக்கிற பொதுமக்கள். நீங்களும் நானும்.

பொதுமக்கள் பேசினால் நடக்குமா? 2019-ஐப் பாருங்கள். ஜனவரி 23-ல், முடக்கத்தின் 33-வது நாள், வாஷிங்டன் செனட் அலுவலகக் கட்டடத்துக்குள் ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் கூடினார்கள். கோஷம் போட்டால் கைது செய்வார்கள். அதனால் காகிதத் தட்டில் வாசகம் எழுதிப் பிடித்துக்கொண்டு 33 நிமிடம் பேசாமல் நின்றார்கள். விமானப் பணிப்பெண்கள் சங்கத் தலைவர் சாரா நெல்சன், பொது வேலைநிறுத்தம் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் தனியார் விமான நிறுவன ஊழியர்களின் தலைவர், அவரால் சொல்ல முடிந்தது. ஜனவரி 25 காலை, போதுமான கட்டுப்பாட்டாளர்கள் பணிக்கு வராததால் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அன்றைக்கே முடக்கம் முடிவுக்கு வந்தது.

35 நாள் ஊழியர் வீட்டில் அடுப்பு எரியாதது யாருக்கும் தெரியவில்லை, ஒரு காலை விமானம் தாமதமானது எல்லோருக்கும் தெரிந்தது. இந்த நவம்பரிலும் 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்த பிறகுதான் பேச்சுவார்த்தை வேகம் பிடித்தது. ஊழியரின் வலி தொகுதியின் வலியாக மாறும்போதுதான் உறுப்பினர் போனை எடுக்கிறார். அதற்கு விமானம் நிற்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

இனி நேராக வேலைக்கு வருகிறேன்.

சோறு முதலில். 2019 ஜனவரியில் டெக்சாஸ், சான் அன்டோனியோவில் சீக்கியர்கள் தங்கள் குருத்வாராவைத் திறந்து, சம்பளமில்லாத ஃபெடரல் ஊழியர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். சமையல்காரர் ஹோசே ஆந்த்ரேஸ், வெள்ளை மாளிகைக்கும் காங்கிரசுக்கும் நடுவில் பென்சில்வேனியா அவென்யூவிலேயே ஒரு சமையற்கூடம் திறந்தார். இடத்தைப் பாருங்கள்! சோறும் போட்டார், கேள்வியும் கேட்டார். நமக்குக் கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. சங்கப் பொங்கல் விழாக்கள் பாதி ஊர்களில் ஜனவரி கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளிப் போகும், பள்ளிக்கூட ஹால் கிடைக்கிற தேதியைப் பொறுத்து. இந்தத் தடவை அது சரியாக ஜனவரி 30-ஐ ஒட்டி வருகிறது. முடக்கம் வந்தால், ஃபெடரல் ஊழியர் அடையாள அட்டை வைத்திருப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அன்றைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு என்று சங்கம் அறிவிக்கட்டும். நீங்கள் செயற்குழுவில் இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பேசுங்கள். ஹால் முன்பதிவுக்கே ஆறு வாரம் அடிச்சுக்கிறோம், இதுக்கும் கொஞ்சம் அடிச்சுக்கலாம்.

விமான நிலையத்தில் டி.எஸ்.ஏ. ஊழியர் கையில் இருபது டாலர் நோட்டைத் திணிக்காதீர்கள். நல்ல மனசுதான், ஆனால் அவருக்கு அது சிக்கல். அவர்களின் நடத்தை விதிப்படி வெளியாரிடம் பணமாக வாங்கவே கூடாது, பொருளாக இருந்தாலும் ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஊர் உணவு வங்கிக்குக் கொடுங்கள். அதிலும் டப்பா உணவாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுத்தால் அவர்கள் மொத்த விலையில் அதிகம் வாங்குவார்கள்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். உங்களில் பலர் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். வீடு வாங்கினதில் தப்பில்லை, உழைத்து வாங்கினீர்கள். உங்கள் குடித்தனக்காரர் ஃபெடரல் ஊழியரா என்று தெரியுமா? தெரியாவிட்டால் கேளுங்கள். ஜனவரி 30-க்குப் பிறகு சம்பளம் நின்றால், சம்பளம் வரும் வரை வாடகை நிற்கலாம், தாமதக் கட்டணம் கிடையாது என்று இப்போதே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் வந்து கெஞ்சும் வரை வைத்திருக்காதீர்கள். பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று ஒரு மனுஷனை எழுத வைக்கிற கூட்டத்தில் நாம் இருக்க வேண்டாம். தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு நடத்துகிற தோழர்களுக்கும் இதேதான்: அந்த மாதம் ஃபீஸ் கேட்காதீர்கள்.

நம்ம ஆட்களிலேயே ஃபெடரல் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில், நாசாவில். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கௌரவம்! பார்ட்லக்குக்கு வராமல் இருந்தால் ஒரு போன் போடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். நிலுவைச் சம்பளச் சட்டம் அரசு ஊழியருக்கு மட்டும்தான். அதே கட்டடத்தைப் பெருக்குகிறவர், கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவர், வாசலில் நிற்கிற செக்யூரிட்டி, இவர்கள் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். கட்டடம் மூடினால் இவர்களுக்கு வேலை இல்லை, திறந்தாலும் போன நாட்களுக்குச் சம்பளம் சட்டப்படி உறுதியில்லை. 35 நாளும் போச்சு, 43 நாளும் போச்சு. ஊரில் கான்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளிக்காக நாம் பேசுகிறோமே, அதே ஆள்தான் இவர். 2019-லேயே மினசோட்டா செனட்டர் டினா ஸ்மித் இவர்களுக்கும் நிலுவைச் சம்பளம் கேட்டு மசோதா கொண்டுவந்தார். இன்றைக்கு வரை சட்டமாகவில்லை. அதைக் கேட்டு ஊரே போன் அடித்தால்தானே ஆகும்!

ஆகவே போன் அடியுங்கள். காங்கிரஸ் பொது இணைப்பகத்தின் எண் 202-224-3121. உங்கள் உறுப்பினர் பெயரைச் சொன்னால் இணைப்பார்கள். எடுப்பவர் ஓர் இளம் உதவியாளராக இருப்பார், பெயரும் ஜிப் கோடும் கேட்டுக் குறித்துக்கொள்வார். கத்தாதீர்கள், அவர் சம்பளமும் பெரிசில்லை. அமெரிக்க அரசியலை அலசி ஆராயவும் வேண்டாம். இரண்டே விஷயம் கேளுங்கள்: ஜனவரி 30-க்குப் பிறகு ஒரு நாளும் ஊழியர் சம்பளம் நிற்கக் கூடாது, அதற்கு நீங்கள் எப்படி வாக்களிப்பீர்கள்? கான்ட்ராக்ட் தொழிலாளர் நிலுவைச் சம்பளத்தை ஆதரிப்பீர்களா? பதில் இல்லையென்றால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி போடுங்கள். இரண்டு மாதத்தில் எட்டு போன். வாட்ஸ்அப்பில் பார்வர்டு பண்ணுற நேரத்தைவிடக் குறைவு.

பட்ஜெட் தாமதமானால் பழைய அளவிலேயே பணம் தானாகத் தொடரட்டும் என்று ஒரு யோசனை பல வருஷமாக அங்கே இருக்கிறது. அப்படிச் செய்தால் உறுப்பினர்கள் பட்ஜெட்டே போடாமல் சோம்பலாகிவிடுவார்கள் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். ஆகட்டுமே! அவர்கள் சோம்பலுக்குத் துப்புரவுத் தொழிலாளி ஏன் தண்டம் கட்ட வேண்டும்? வேலைக்கு வருகிறவருக்கு மட்டும் சம்பளம் கொடுப்போம் என்ற மசோதாவும் இந்த அக்டோபரில் செனட்டில் வந்து தோற்றது. வீட்டில் உட்கார வைக்கப்பட்டவரை விட்டுவிடுகிற பாதித் தீர்வு அது. முழுசாகக் கேட்போம்.

எச்-1பி தோழர்கள், நமக்கு ஓட்டே இல்லையே என்கிறீர்கள். தொகுதியில் வசிப்பவர் யாரும் அலுவலகத்துக்குப் பேசலாம், வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. தேர்தல் நிதி மட்டும் கொடுக்கக் கூடாது, கிரீன் கார்டு வந்த பிறகுதான் அது. உணவு வங்கிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அப்புறம், இது உங்கள் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். தொழிலாளர் துறை முடங்கியதால் அக்டோபர் முழுக்க எல்.சி.ஏ. விண்ணப்பங்கள் நின்றன. அது இல்லாமல் புது எச்-1பி மனு இல்லை, கம்பெனி மாற்றமும் இல்லை. உங்கள் ஃபைலைப் பார்க்கிற அந்த முகம் தெரியாத ஊழியரும் அந்த மாதம் சம்பளமில்லாமல் வீட்டில்தான் இருந்தார்.

ஒவ்வொரு ஊரிலும் இரண்டு தோழர்கள் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும்: ஒருவர் சங்கத்தோடும் கோயிலோடும் பேச, இன்னொருவர் போன் அழைப்புகளை ஒருங்கிணைக்க. ஜனவரி 10 சனிக்கிழமை இதே நேரம் மறுபடியும் கூடுவோம். எத்தனை போன் போனது, உறுப்பினர் அலுவலகம் என்ன பதில் சொன்னது, எந்தெந்தச் சங்கம் ஒப்புக்கொண்டது என்று ஊர்வாரியாகச் சொல்ல வேண்டும். பொறுப்பெடுக்கிற தோழர்கள் உங்கள் ஊர்ப் பெயரைக் கீழே எழுதுங்கள்.